மைட்டோகாண்ட்ரியாவின் சிறு ஆர்என்ஏக்கள்: உள்ளே இருப்பது எது, வெளியே ஒட்டியிருப்பது எது?

கேள்வி இது: செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவைப் பிடித்து, வழக்கமாக அதை அடக்கும் மிகச் சிறு ஆர்என்ஏ) இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அவை உண்மையிலேயே அங்குள்ள மரபணுக்களைக் கட்டுப்படுத்துகின்றனவா? முதுநிலை ஆய்வுத் திட்டமாக இதை எடுத்தால் எப்படிச் சோதிப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரதம் ஆகாத சிறு ஆர்என்ஏ ஒன்று மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவை நடத்த முடியும் என்பதில் ஐயமில்லை. அதற்கு அசைக்க முடியாத சான்று ட்ரிபனோசோமா, லெய்ஷ்மேனியா போன்ற ஒட்டுண்ணிகளின் வழிகாட்டி ஆர்என்ஏக்கள்; தூது ஆர்என்ஏவை எங்கே, எப்படித் திருத்துவது என்று சொல்பவை அவை. மனித செல்லில், மைட்டோகாண்ட்ரியாவிலேயே பிறக்கும் 7எஸ் ஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏவுக்கு நல்ல சான்று இருக்கிறது. உட்கருவில் பிறந்த மைக்ரோ ஆர்என்ஏ இரண்டு சவ்வுகளையும் கடந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. அந்த வழக்கில் வெளியான தரவுகளில் பெரும்பகுதி, வெளிச்சவ்வில் ஒட்டியிருந்ததை உள்ளே இருந்ததாக எண்ணியதால் வந்தது என்பது என் மதிப்பீடு. ஆகவே பதிலின் பெரும்பகுதியை அந்தப் பிழையைத் தவிர்க்கும் வழிக்கே செலவிடுகிறேன்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ 16,569 எழுத்துகள் (நியூக்ளியோடைடுகள்) கொண்ட வளையம். 1981-இல் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கரின் குழு அதை முழுதாக வாசித்தது. அதில் 37 மரபணுக்கள்: 13 புரதம், 22 கடத்து ஆர்என்ஏ (அமினோ அமிலத்தைச் சுமந்து வருபவை), 2 ரைபோசோம் ஆர்என்ஏ (புரதத்தைக் கட்டும் ரைபோசோமின் பாகங்கள்). உட்கருவில் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித் தொடக்கம், தனிக் கட்டுப்பாடு உண்டு. இங்கே அப்படியில்லை. இரண்டு இழைகளும் ஏறக்குறைய முழு நீளத்துக்கு ஒரே மூச்சில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகின்றன; பிறகு அந்த நீண்ட படி துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது. எங்கே வெட்டுவது என்பதற்குப் பெரும்பாலும் கடத்து ஆர்என்ஏக்களே அடையாளம். வாக்கியத்தில் காற்புள்ளி போல அவை மரபணுக்களுக்கு இடையில் உட்கார்ந்திருக்கின்றன. 5' முனையை (தொடக்க முனை) ஆர்என்ஏஸ்-பி நொதியும் 3' முனையை (கடைசி முனை) எலாக்-2 நொதியும் வெட்டுகின்றன. மனித மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏஸ்-பி மூன்று புரதங்களால் மட்டுமே ஆனது, அதில் ஆர்என்ஏ பாகம் கிடையாது என்று 2008-இல் வியன்னாவில் காட்டினார்கள்.

இந்த ஏற்பாட்டிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, ஒரே நீண்ட படியிலிருந்து வரும் மரபணுக்களின் அளவு வேறுபட வேண்டுமானால், அது படியெடுத்த பிறகுதான் நடக்க வேண்டும்: வெட்டு, வால் சேர்ப்பு, நிலைத்தன்மை, சிதைவு. இரண்டு, கழிவு ஏராளம். ஓர் இழையின் படியில் 12 புரதங்களும் 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களும் 14 கடத்து ஆர்என்ஏக்களும் இருக்கின்றன. மற்ற இழையின் படியில் என்டி-6 என்ற ஒரே புரதமும் 8 கடத்து ஆர்என்ஏக்களும்தான், மிச்சமெல்லாம் எதிர்ப்படி, அதாவது முதல் இழையின் படிக்கு இணையான, புரதம் தராத படி. அந்த எதிர்ப்படியை எஸ்யுவி-3, பிஎன்பேஸ் என்ற இரண்டு நொதிகள் சேர்ந்து சிதைக்கின்றன. சிதைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரு இழைகளும் ஒட்டி இரட்டை இழை ஆர்என்ஏ ஆகிறது, சைட்டோபிளாசத்துக்குக் கசிகிறது, அங்கே எம்டிஏ-5 என்ற உணர்வி அதை வைரஸ் என்று எண்ணி, வைரஸ் எதிர்ப்பு எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானைக் கிளப்பிவிடுகிறது. பிஎன்பேஸ் மரபணுவில் பழுதுள்ள நோயாளிகளிடம் இந்த இன்டர்ஃபெரான் தூண்டல் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிறு ஆர்என்ஏ வரிசைகளை வாசிக்கும்போது இந்தக் கழிவு மனதில் இருக்க வேண்டும். இதயத் தசையில் செல்லின் தூது ஆர்என்ஏவில் ஏறத்தாழ 30 விழுக்காடு மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வருகிறது. அவ்வளவு பெரிய குவியல் சிதையும்போது 20 எழுத்துத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கத்தான் செய்யும். துண்டு கிடைத்தது என்பதால் அதற்கு வேலை இருக்கிறது என்று ஆகாது.

இனி 7எஸ் ஆர்என்ஏ. வளையத்தில் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று இருக்கிறது. படியெடுப்பு தொடங்கும் இடங்கள் அங்கேதான். அவற்றில் ஒன்றிலிருந்து கிளம்பும் படிகளில் பல முழு தூரமும் போவதில்லை. சுமார் 200 எழுத்துகளில் நின்று, ஏ எழுத்துகளால் ஆன வால் பெற்று, 7எஸ் ஆர்என்ஏவாக மிதக்கின்றன. பல பத்தாண்டுகளாக இதற்கு என்ன வேலை என்றே தெரியாமல் இருந்தது. 2022-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் விடை தந்தார்கள். 7எஸ் ஆர்என்ஏ மைட்டோகாண்ட்ரியாவில் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸோடு பிணைந்து, இரண்டு பாலிமரேஸ்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒட்டும் முகத்திலேயே தொடக்க இடத்தை அடையாளம் காணும் பாகமும் இழையைப் பிரிக்கும் பாகமும் மறைந்துவிடுகின்றன. அந்த ஜோடியால் படியெடுப்பைத் தொடங்க முடிவதில்லை. முன்பு கழிவைச் சிதைத்த அதே எஸ்யுவி-3, பிஎன்பேஸ் கூட்டணி 7எஸ் ஆர்என்ஏவையும் தின்கிறது. தின்னத் தின்னப் பூட்டு திறக்கிறது. படியெடுப்பு மிகுந்தால் 7எஸ் மிகும், 7எஸ் மிகுந்தால் படியெடுப்பு தணியும். தன் விளைபொருளாலேயே தன்னை அடக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை, வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்யாமல் ஒரு சிறு ஆர்என்ஏ நடத்துகிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் சிறு ஆர்என்ஏ கட்டுப்பாடு என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

வழிகாட்டி ஆர்என்ஏவின் கதை 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. ட்ரிபனோசோமா வகை ஒட்டுண்ணிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு தூது ஆர்என்ஏவை ராப் பென்னேயின் குழு வாசித்தபோது, டிஎன்ஏவில் இல்லாத நான்கு யு எழுத்துகள் அதில் இருந்தன. அவை இல்லாவிட்டால் அந்த மரபணுவின் வாசிப்புச் சட்டகமே குலைந்துவிடும். அந்த எழுத்துகளை யார் சொல்லிச் சேர்த்தார்கள் என்பதற்கு 1990-இல் லாரி சிம்ப்சனின் ஆய்வகத்திலிருந்து விடை வந்தது. பல்லியில் வாழும் லெய்ஷ்மேனியா டாரென்டோலே என்ற இனத்தில் 50, 60 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்என்ஏக்களை அவர்கள் கண்டார்கள்; அவையே வழிகாட்டி ஆர்என்ஏக்கள். (லெய்ஷ்மேனியாவுக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. கருங்காய்ச்சலை உண்டாக்கும் லெய்ஷ்மேனியா டோனோவானி என்ற பெயரின் பின்பாதி சார்லஸ் டோனோவானுடையது. 1903-இல் மெட்ராஸில் பணியாற்றியபோதுதான் நோயாளியின் மண்ணீரலில் அந்த நுண்ணுயிரை அவர் கண்டார்.)

ஒரு வழிகாட்டி ஆர்என்ஏவை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆர்என்ஏவில் ஏ-வோடு யு-வும் ஜி-யோடு சி-யும் இணையும். அதன் 5' முனையில் பத்து, பன்னிரண்டு எழுத்துகள் நங்கூரம். தூது ஆர்என்ஏவில் தனக்கு இணையான இடத்தில் பிடித்துக்கொள்ளும். நடுப்பகுதி கட்டளை. 3' முனையில் யு எழுத்துகளால் ஆன ஒரு வால். நங்கூரத்தை ஒட்டித் தூதில் ஒரு ஜி இருக்கிறது என்று கொள்ளுங்கள். வழிகாட்டியிலோ நங்கூரத்தை அடுத்து இரண்டு ஏ, அதன் பிறகுதான் அந்த ஜி-க்கு இணையான சி. இரண்டு ஏ-வும் இணையில்லாமல் தொங்குகின்றன. அந்த இடத்தில் ஒரு நொதி தூதை வெட்டுகிறது, இன்னொன்று இரண்டு யு சேர்க்கிறது, மூன்றாவது ஒட்டுகிறது. மாறாக, தூதில் யு இருந்து வழிகாட்டியில் அதற்கு எதிரே ஒன்றும் இல்லையென்றால் அந்த யு நீக்கப்படும். ஏ-வுக்கு மட்டுமல்ல, ஜி-க்கு எதிரேயும் யு அமரலாம் என்பதால் ஒரே கட்டளையை வெவ்வேறு வரிசையுள்ள வழிகாட்டிகள் தர முடியும். ஒரு வழிகாட்டியின் வேலை முடிந்ததும் அது திருத்திய பகுதியே அடுத்த வழிகாட்டிக்கு நங்கூரமிட இடம் தருகிறது. இப்படித் திருத்தம் தூதின் 3' பக்கத்திலிருந்து 5' பக்கம் நோக்கி நகர்கிறது. ட்ரிபனோசோமா புரூசியின் சிஓ-3 மரபணுவில் இவ்வாறு 547 யு சேர்க்கப்பட்டு, 41 யு நீக்கப்படுகின்றன. முதிர்ந்த தூதில் பாதிக்கு மேல் டிஎன்ஏவில் எழுதப்படாத எழுத்து! அந்த ஒட்டுண்ணியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெரிய, சிறிய வளையங்களாக இருக்கிறது. பெரிய வளையத்தில் புரதத்துக்குரிய மரபணுக்கள் 18; அவற்றில் 12-க்குத் திருத்தம் தேவை. வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஆயிரக்கணக்கான சிறு வளையங்களில் எழுதப்பட்டிருக்கின்றன.

இது கட்டுப்பாடா, அல்லது வெறும் பழுதுபார்ப்பா என்று கேட்கலாம். ஒட்டுண்ணியைப் பரப்பும் செட்சி ஈயின் குடலில் வாழும் நிலையில் சில தூதுகள் திருத்தப்படுகின்றன, பாலூட்டியின் இரத்தத்தில் வாழும் நிலையில் வேறு சில. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சைட்டோகுரோம் பி என்ற புரதத்தின் தூதுக்கான வழிகாட்டிகள் இரண்டு நிலைகளிலும் இருக்கின்றன, திருத்தமோ ஈயின் உடலில்தான் நிறைவாக நடக்கிறது. வழிகாட்டி இல்லாமல் திருத்தம் இல்லை. ஆனால் எப்போது திருத்துவது என்ற முடிவு வழிகாட்டியின் அளவில் மட்டும் இல்லை. சிறு ஆர்என்ஏ ஒன்றின் அளவு கூடினால், குறைந்தால் உடனே அதுவே சாவி என்று எழுதிவிடுபவர்கள் இந்த எடுத்துக்காட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். இயற்கை செய்துவைத்த எதிர்ச்சோதனையும் ஒன்று உண்டு. மாடு, குதிரை, ஒட்டகங்களுக்குச் சர்ரா நோய் தரும் ட்ரிபனோசோமா எவான்சி பெரிய வளையத்தை இழந்துவிட்டது. திருத்துவதற்கு அதனிடம் தூதே இல்லை. பெரும்பாலான மரபுவழிகளில் சிறு வளையங்களும் ஒரே வகையாகச் சுருங்கிவிட்டன. ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் ஏடிபி சின்தேஸ் நொதியின் காமா துணையலகில் ஏற்பட்ட மாற்றம் இரத்தத்தில் அதை வாழவைக்கிறது. செட்சி ஈக்குள் வளரும் நிலைக்கு அதனால் திரும்ப முடியாது. மாட்டு ஈக்களின் வாயுறுப்பில் ஒட்டியே பரவுகிறது.

இந்த ஒட்டுண்ணிகளிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. இவற்றின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் கடத்து ஆர்என்ஏ மரபணு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் உட்கருவில் பிறந்து உள்ளே இறக்குமதியாகின்றன. ஆக ஆர்என்ஏ இறக்குமதி என்பது நடக்கவே முடியாத காரியம் அல்ல. மனித செல்லில் மைக்ரோ ஆர்என்ஏவுக்கு அது நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

நடக்கிறது என்போர் முன்வைப்பவற்றில் இரண்டு முக்கியமானவை. இதயத்தில் மைக்ரோ ஆர்என்ஏ-181சி மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ-1 புரதத்தைக் குறைக்கிறது என்ற 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. தசை முதிரும்போது மைக்ரோ ஆர்என்ஏ-1 மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியைக் கூட்டுகிறது என்ற 2014-ஆம் ஆண்டு ஆய்வு மற்றொன்று. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவை, ஒதுக்கித் தள்ள வேண்டியவை அல்ல. ஆனால் தடைகளும் உண்மையானவை. மைக்ரோ ஆர்என்ஏ வழக்கமாகப் பிடிப்பது தூதின் புரதமாகாத 3' பின்பகுதியை. மனித மைட்டோகாண்ட்ரியாவின் தூதுகள் பலவற்றில் அது அறவே இல்லை அல்லது மிகக் குறுகியது. சிஓ-1-க்கு 72 எழுத்துப் பின்பகுதி இருப்பது விதிவிலக்கு. மைக்ரோ ஆர்என்ஏவைச் சுமக்கும் ஏகோ-2 புரதம் எந்த வாயில் வழியாக உள்ளே நுழைகிறது என்பதற்கும் எல்லோரும் ஏற்ற விடை இல்லை.

எனக்கு இவற்றைவிட வலுவாகப் படுவது வேறொன்று. ஆர்என்ஏவை உள்ளே அனுப்புவது எளிதாக இருந்திருந்தால், ஆர்என்ஏ வழிகாட்டும் மரபணுத் திருத்தமான கிரிஸ்பர் முறையால் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை எப்போதோ திருத்தியிருப்பார்கள். அந்த முறைக்கு வேண்டிய வழிகாட்டி ஆர்என்ஏவை (ஒட்டுண்ணியின் வழிகாட்டி அல்ல) நம்பகமாக உள்ளே கொண்டுபோக முடியாததால்தான், 2020-இல் வந்த மைட்டோகாண்ட்ரியா எழுத்துத் திருத்தி முழுக்கப் புரதத்தால் கட்டப்பட்டது.

இப்போது சோதனைக்கு வருவோம். வேலையைத் தொடங்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு செல்லில் 10,000 பிரதிகள் உள்ள மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்கள் மைட்டோகாண்ட்ரியா மாதிரியில் சைட்டோபிளாசக் கலப்பு அரை விழுக்காடு மட்டுமே என்றாலும் செல்லுக்கு 50 பிரதிகள் கூடவே வந்துவிடும். மூலக்கூறைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் கருவி அதைத் தயக்கமின்றிக் காட்டும். 'கண்டறியப்பட்டது' என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பே இல்லை. எவ்வளவு, எந்தச் சிகிச்சைக்குப் பிறகு என்பதற்குத்தான் மதிப்பு.

வளர்ப்புச் செல்கள் என்றால் குறைந்தது 5 கோடி செல்கள் வேண்டும். பிரித்தெடுக்கும் கரைசல்: மானிட்டால் 225 மில்லிமோலார், சுக்ரோஸ் 75 மில்லிமோலார், ஹெப்பஸ் 10 மில்லிமோலார், ஈஜிடிஏ 1 மில்லிமோலார், பிஹெச் 7.4, கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ 0.1 விழுக்காடு, அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டும். எல்லாம் 4 டிகிரியில். டவுன்ஸ் கண்ணாடி அரைப்பானில் இறுக்கமான உலக்கையால் 20 முதல் 40 இடி. எண்ணிக்கையை நம்பாதீர்கள், ஒவ்வொரு பத்து இடிக்கும் ஒரு துளி எடுத்து, உடைந்த செல்களை மட்டும் நீலமாக்கும் ட்ரைபன் ப்ளூ சாயத்தில் பாருங்கள். 80 விழுக்காடு செல்கள் நீலமானதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இடித்தால் உட்கரு உடைந்து டிஎன்ஏ கொழகொழவென்று வெளியே வரும், மைட்டோகாண்ட்ரியா அதில் சிக்கிக்கொள்ளும். பிறகு மையவிலக்கியில் 600 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 600 மடங்கு) 10 நிமிடம், மேலடுக்கை எடுத்து மறுபடி ஒருமுறை. அதன் பிறகு 7,000 ஜி-யில் 10 நிமிடம். வேகத்தை 10,000-க்கு மேல் ஏற்றினால் வீழ்படிவு பெருக்கும், ஆனால் கூடுவது பெரும்பாலும் எண்டோபிளாச வலையின் துண்டுகள். அந்த வலையில் ரைபோசோமும் ஏகோ புரதமும் நிறைய இருக்கின்றன.

அடுத்து வெளிச்சவ்வை உரிக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் மைட்டோகாண்ட்ரியா புரதத்துக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் டிஜிடோனின் (சவ்வைக் கரைக்கும் பொருள்), பனிக்கட்டியில் 15 நிமிடம். டிஜிடோனின் புட்டிக்குப் புட்டி மாறும். புதிய புட்டி திறந்தால் 0.05-லிருந்து 0.4 வரை ஐந்தாறு அளவுகளில் முன்னோட்டம் பார்த்தே ஆக வேண்டும். வெளிச்சவ்வுப் புரதமான டாம்-20 மறைந்து, உட்சவ்வுக்கு உள்ளே இருக்கும் புரதமான ஹெச்எஸ்பி-60 முழுதாக நிற்கும் அளவுதான் சரியான அளவு. ஹெச்எஸ்பி-60 கரைசலுக்கு வந்துவிட்டால் உட்சவ்வும் உடைந்துவிட்டது. அந்த மாதிரியில் இனி ஒன்றும் நிரூபிக்க முடியாது.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உரித்த மைட்டோகாண்ட்ரியாவில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ்-ஏ நொதியைச் சேர்த்து, அதன் பிறகும் மைக்ரோ ஆர்என்ஏ நிற்கிறது, ஆகவே உள்ளே இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஏகோ புரதத்துக்குள் பொதிந்த மைக்ரோ ஆர்என்ஏவை ஆர்என்ஏஸ் எளிதில் தொடாது. சவ்வுக்கு வெளியே இருந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். எனவே முதலில் புரதக் கவசத்தைக் கழற்ற வேண்டும். மாதிரியை நான்கு குழாய்களாகப் பிரியுங்கள். முதல் குழாய்க்கு எதுவும் இல்லை. இரண்டாவதுக்கு ஆர்என்ஏஸ்-ஏ மட்டும், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 25 டிகிரியில் 15 நிமிடம். மூன்றாவதுக்கு முதலில் புரதத்தை வெட்டும் புரோட்டினேஸ்-கே, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பனிக்கட்டியில் 20 நிமிடம். பிறகு அந்த நொதியை நிறுத்த 2 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப். அதன் பிறகு ஆர்என்ஏஸ். நான்காவதுக்கு மூன்றாவதைப் போலவே எல்லாம், ஆனால் தொடக்கத்திலேயே, எல்லாச் சவ்வுகளையும் கரைக்கும் 1 விழுக்காடு ட்ரைட்டான் எக்ஸ்-100.

வரிசை மாறக் கூடாது. புரோட்டினேஸ் ஓயாமல் ஆர்என்ஏஸைச் சேர்த்தால் அதையும் வெட்டத் தொடங்கிவிடும். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் செத்துவிடும். ஐசோப்ரோப்பனாலில் கரைத்து வைத்து, தேவையான நொடியில் சேர்க்க வேண்டும்.

வாசிப்பது இப்படி. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் ஆர்என்ஏவான 12எஸ் முதல் மூன்று குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, நான்காவதில் விழ வேண்டும். சைட்டோபிளாசத்தைச் சேர்ந்த 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ, ஜிஏபிடிஹெச் தூது ஆகியவை இரண்டாவதிலேயே விழ வேண்டும். உங்கள் மைக்ரோ ஆர்என்ஏ இரண்டாவதில் நின்று மூன்றாவதில் விழுந்தால், அது புரதத்தோடு வெளியே ஒட்டியிருந்தது. மூன்றாவதிலும் 12எஸ் அளவுக்கு நின்று, நான்காவதில் மட்டும் விழுந்தால்தான் உள்ளே என்று சொல்லலாம். நான்காவதிலும் விழவில்லை என்றால் உங்கள் நொதிகள் வேலை செய்யவில்லை. அன்றைய சோதனை முழுவதும் செல்லாது. பிசிஆரில் ஒரு சுழற்சி வேறுபாடு இரு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். பத்துச் சுழற்சி தள்ளிப்போனால் 1,024-இல் ஒரு பங்குதான் மிச்சம்.

ஆர்என்ஏஸ்-ஏ பிடிவாதக்கார நொதி. ஈடிடிஏ அதை நிறுத்தாது. ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் ட்ரைசால் கரைசலில் மடிப்பவிழ்ந்தாலும் சுத்தமாக நீக்காவிட்டால் பிற்பாடு மீண்டும் மடிந்து, உங்கள் ஆர்என்ஏவை மெல்லத் தின்னும். மும்முறை கழுவி, ட்ரைசால் பிரிப்பை இரண்டு முறை செய்யுங்கள். மிச்சம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: மனித செல்லில் இல்லாத புழுவின் மைக்ரோ ஆர்என்ஏ-39-ஐச் செயற்கையாக வாங்கி, எல்லாக் குழாய்களிலும் ட்ரைசால் ஊற்றியதும் ஒரே அளவு சேர்த்துவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் குழாய்களில் அது குறைந்தால் ஆர்என்ஏஸ் தப்பி வந்திருக்கிறது. அளவுகளை ஒப்பிடவும் இதையே அடிப்படையாகக் கொள்ளலாம். யு-6-ஐ அடிப்படையாகக் கொள்வது பெரும் பிழை. அது உட்கருவில் இருப்பது, நீங்கள் சிரமப்பட்டு நீக்கிய பொருள். ஆர்என்ஏ அளவு குறைவாக இருக்கும்போது ஜி-சி குறைந்த சிறு ஆர்என்ஏக்கள், எடுத்துக்காட்டாக மைக்ரோ ஆர்என்ஏ-141, ட்ரைசால் முறையில் தனித்துத் தொலைந்துபோகும். குழாய்களுக்கு இடையே செல் அளவை மாற்றாதீர்கள்; வீழ்படிவாக்கும்போது 20 மைக்ரோகிராம் கிளைக்கோஜன் சேருங்கள்.

ஆர்என்ஏஸ்-ஏ-வுக்குப் பதில் மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் பயன்படுத்தினால் ஈஜிடிஏ சேர்த்து உடனே நிறுத்தலாம் என்பது வசதி. ஆனால் அதற்குக் கால்சியம் வேண்டும். பிரித்தெடுக்கும் கரைசலின் ஈஜிடிஏவையும் மீறிக் கால்சியம் கொடுக்கும்போது மைட்டோகாண்ட்ரியா வீங்கி உடையலாம். கல்லீரல் மாதிரிகளில் இந்த ஆபத்து அதிகம்.

வரிசை வாசிப்புக்குப் போனால் சிக்கல்கள் வேறு. நூலகம் (வாசிப்புக்குத் தயார்செய்த துண்டுகளின் கலவை) செய்ய விற்கும் வழக்கமான சிறு ஆர்என்ஏ தொகுப்புகள் 5' முனையில் பாஸ்பேட்டும் 3' முனையில் ஹைட்ராக்சிலும் உள்ள துண்டுகளை மட்டுமே பிடிக்கும். வேறு வகை வெட்டுகளால் வந்த துண்டுகள் காணாமல் போகும். டி-4 பாலிநியூக்ளியோடைடு கைனேஸால் முனைகளைச் சரிசெய்த ஒரு நூலகமும், செய்யாத ஒரு நூலகமும் தயாரித்து ஒப்பிடுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் கடத்து ஆர்என்ஏக்கள் பலவற்றில் ஒன்பதாம் எழுத்தில் மெத்தில் ஏறியிருக்கும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் படிமாற்று நொதி அங்கே முட்டி நின்றுவிடும். முழு நீள மூலக்கூறு நூலகத்தில் சேராமல் போக, அதன் சிறு துண்டுகள் மட்டும் சேரும். துண்டுகள்தான் அதிகம் என்ற பொய்த் தோற்றம் வரும். அல்க்-பி நொதியால் மெத்திலை நீக்கிவிட்டு மறுபடி வாசித்தால் உண்மை விகிதம் தெரியும். கடத்து ஆர்என்ஏவின் கடைசி சிசிஏ மூன்று எழுத்தும் டிஎன்ஏவில் இல்லாதவை, பிறகு சேர்க்கப்படுபவை. பொருத்தும் மென்பொருளில் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் 3' துண்டுகள் எல்லாம் பொருந்தாதவை என்று குப்பைக்குப் போய்விடும்.

வளையத்தின் 'முதல்' எழுத்து கட்டுப்பாட்டுப் பகுதியின் நடுவில் விழுகிறது. மென்பொருளோ அதை நேர்க்கோடாக எண்ணுகிறது. வரிசையின் முதல் 100 எழுத்துகளைக் கடைசியிலும் ஒட்டிவிட்டால், எல்லையைத் தாண்டும் துண்டுகளை இழக்க மாட்டீர்கள். இதைவிட ஆபத்தானது உட்கருவுக்குள் பழைய காலத்தில் குடியேறிய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ துண்டுகள். மனிதனின் முதல் குரோமோசோமில் சுமார் 5,800 எழுத்து நீளத்தில் ஒன்று இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் இன்றைய வரிசையோடு ஏறக்குறைய 98 விழுக்காடு ஒத்தது. 20 எழுத்துத் துண்டை வைத்துக்கொண்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. முழு மரபணுத்தொகுதிக்கும் சேர்த்துப் பொருத்துங்கள். பல இடங்களில் பொருந்துபவற்றை நீக்காமல், அப்படியே குறித்துக் காட்டுங்கள்.

இந்தக் குழப்பத்தை வெட்டித் தீர்க்கும் ஒரு சோதனை உண்டு: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே இல்லாத ரோ-சீரோ செல்கள். மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் எத்திடியம் புரோமைடில் சில வாரங்கள் வளர்த்தால் செல்கள் அந்த டிஎன்ஏவை இழக்கும். ஊடகத்தில் யூரிடின், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், கூடவே 1 மில்லிமோலார் பைருவேட் இல்லாவிட்டால் செல்கள் செத்துவிடும். உங்கள் சிறு ஆர்என்ஏ மைட்டோகாண்ட்ரியா வளையத்தில் பிறந்ததென்றால் இந்தச் செல்களில் அது இருக்கவே கூடாது. இருந்தால், அது உட்கருவின் குடியேறித் துண்டிலிருந்து வருகிறது. எத்திடியம் டிஎன்ஏவோடு பிணையும் பொருள் என்பதால் கையுறையோடு, தனிக் கழிவுக் கலத்தோடு வேலை செய்யுங்கள்.

மிஞ்சியவற்றில் எது கழிவு, எது நிலையான மூலக்கூறு என்று அறிய ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நார்தன் பிளாட்டுக்கு இன்றும் மாற்று இல்லை. 15 விழுக்காடு யூரியா ஜெல்லில் 5 முதல் 10 மைக்ரோகிராம் ஆர்என்ஏ ஓட்டுங்கள். கூர்மையான ஒரே பட்டை தெரிந்தால் அது நிலைத்த மூலக்கூறு. கீழ்நோக்கிப் பரவிய புகை மாதிரி தெரிந்தால் சிதைவு. வரிசைத் தரவிலும் இதைப் பார்க்கலாம்: தனித்தனியாகத் தயாரித்த மூன்று மாதிரிகளிலும் 5' முனை ஒரே எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

உள்ளே இருக்கிறது, நிலைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வேலை என்ன என்ற கேள்விக்கு வர வேண்டும். மைக்ரோ ஆர்என்ஏவைக் கூட்டினேன், மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு புரதம் குறைந்தது என்பது போதாது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் உட்கருவில் எழுதப்பட்டு, சைட்டோபிளாசத்தில் தயாராகின்றன. அவற்றில் ஒன்றை வெளியிலேயே அடக்கினாலும் உள்ளே விளைவு தெரியும். ஆக்சிஜன் குறையும்போது மைக்ரோ ஆர்என்ஏ-210 இரும்பு-கந்தகக் கொத்துகளைக் கட்டும் இஸ்கு புரதத்தைக் குறைக்கிறது. அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதலாம் கூட்டமைப்பு தளர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் காலடி வைக்காமலேயே நடந்த கட்டுப்பாடு அது.

உள்ளே நடக்கும் புரத உற்பத்தியை மட்டும் அளக்க வழி இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் எமெட்டின் கொடுத்துச் சைட்டோபிளாசத்தின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனைனை 30 முதல் 60 நிமிடம் ஊட்டுங்கள். ஜெல்லில் தெரிவதெல்லாம் அந்த 13 புரதங்கள் மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியை நிறுத்தும் குளோராம்பெனிக்கால் சேர்த்த தடத்தில் பட்டைகள் எல்லாம் மறைய வேண்டும்; மறையாவிட்டால் எமெட்டின் சரியாக வேலை செய்யவில்லை. உங்கள் சிறு ஆர்என்ஏ ஒரே ஒரு தூதைத்தான் தாக்குகிறது என்றால் ஒரே ஒரு பட்டைதான் மாற வேண்டும். பதின்மூன்றும் சேர்ந்து குறைந்தால் ரைபோசோமோ, கடத்து ஆர்என்ஏவோ, செல்லின் பொது நலமோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

திட்டத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், மைக்ரோ ஆர்என்ஏ இறக்குமதியை எடுக்காதீர்கள் என்பதே என் யோசனை. 7எஸ் ஆர்என்ஏவை எடுங்கள். வளையத்தில் பிறப்பது, சுமார் 200 எழுத்து நீளம், சாதாரண நார்தனில் தெளிவாகத் தெரியும். எஸ்யுவி-3-ஐ அடக்கிவிட்டு, 7எஸ் கூடுகிறதா, அதோடு படியெடுப்பு குறைகிறதா என்று இரண்டு, நான்கு, ஆறாம் நாள்களில் அளக்கலாம். எஸ்யுவி-3 போனால் எதிர்ப்படியும் தேங்கும் என்பதால், இன்டர்ஃபெரான் மரபணு ஒன்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள். படியெடுப்பு குறைந்தது 7எஸ்-ஆலா, செல்லின் வைரஸ் எதிர்ப்பு எச்சரிக்கையாலா என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்கத்தான் செய்வார்.